கடன் நோட்டும் குடியும்: எனக்குக் கிடைத்த இரண்டு தன்னார்வ வழிகாட்டிகளைப் பற்றிய மதிப்பீடு

கோவை கணபதியில் நான்கு சி.என்.சி. எந்திரங்களை வைத்துக்கொண்டு, பம்பு நிறுவனங்களுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கடந்த இரண்டரை ஆண்டுகளாகக் கட்டணம் எதுவும் செலுத்தாமல் நான் பெற்றுவரும் இரண்டு சேவைகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். முதலாவது, குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும், ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் வழியாக எனக்குக் கிடைத்த ஸ்பான்சர், அதாவது புதியவருக்குத் துணையாக இருக்கும் மூத்த உறுப்பினர். அவர் பத்தொன்பது ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும், ஓய்வுபெற்ற நூற்பாலை மேற்பார்வையாளர். இரண்டாவது, சிறுதொழில் நடத்துவோருக்கு வழிகாட்ட ஒரு தொழில் அமைப்பு ஏற்பாடு செய்து கொடுத்த தன்னார்வலர். அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஊடகங்களில் உறுப்பினர்கள் தம் பெயரை வெளியிடுவதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு என்பதால் என் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. தொழில் அமைப்பின் பெயரையும் குறிப்பிடப் போவதில்லை. அதன் காரணம் படித்துக்கொண்டு போகும்போது தெரியும்.

தொழில் நடத்துபவனின் குடிக்கும், சம்பளத்துக்குப் போகிறவனின் குடிக்கும் மருத்துவத்தில் வேறுபாடு இல்லாமல் இருக்கலாம், வாழ்க்கையில் இருக்கிறது. சம்பளக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிகிச்சைக்குப் போகலாம். பட்டறை முதலாளி ஒரு மாதம் காணாமல் போனால், ஆர்டர் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போகும், கடன் கொடுத்தவர்கள் வாசலுக்கு வருவார்கள், எட்டுப் பேரின் சனிக்கிழமைச் சம்பளம் நின்றுபோகும். வங்கிக் கடனுக்கு வீட்டுப் பத்திரமே ஈடாக இருப்பதால் தொழிலின் நோய் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்கிறது. மைக்கேல் ஃப்ரீமன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 242 தொழில்முனைவோரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், 49 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனநலச் சிக்கல் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். போதைப் பழக்கச் சிக்கலைச் சொன்னவர்கள் 12 சதவீதம். அது அமெரிக்காவில் எடுத்த கணக்கு, பதில் சொன்னவர்கள் தாமாகவே சொன்னது. ஆனாலும் எங்கள் தெருவிலுள்ள பட்டறைகளை மனத்துக்குள் ஒருமுறை சுற்றி வந்தபோது அந்த எண்கள் எனக்கு வியப்பளிக்கவில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் பேச வருகிறவர்களோடு மாதத்துக்கு ஒரு முறை அமர்ந்ததில் தொடங்கியது, பட்டறையைப் பூட்டியதும் நேராக டாஸ்மாக் என்று ஆனது. பிறகு மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடை திறப்பதை எதிர்பார்த்துக் கடிகாரம் பார்க்கும் நிலைக்கு வந்தேன். இருபது மைக்ரான் அளவுக்குள் நிற்க வேண்டிய ஷாஃப்ட்டுகளில் ஒரு லாட் முழுவதும் திருப்பி அனுப்பப்பட்டபோது, ஆபரேட்டரைத் திட்டினேன்; எந்திரத்தின் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டைத் தவறாக மாற்றியவன் நான்தான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மீட்டர் வட்டிக்கு வாங்கி டேர்ம் லோன் தவணையைக் கட்டினேன். தூக்கம் போயிற்று. இனி இருந்து என்ன செய்யப் போகிறோம் என்ற எண்ணம் சில இரவுகளில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நிலையில்தான் ஒரு தொழில் அமைப்பின் வழிகாட்டித் திட்டத்தில் சேர்ந்தேன். அனுபவமுள்ளவர்கள் ஊதியம் இல்லாமல் புதியவர்களுக்குக் கைகொடுக்கும் முறை புதிதன்று. அமெரிக்காவில் ஸ்கோர் என்ற அமைப்பு 1964 முதல் ஓய்வுபெற்ற நிர்வாகிகளைக் கொண்டு இதைச் செய்கிறது. இந்தியாவில் லட்சுமி வெங்கடேசன் 1992இல் தொடங்கிய பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை, ஒரு தொழில்முனைவோருக்கு ஒரு வழிகாட்டி என்ற முறையை வளர்த்தெடுத்தது. நான் சேர்ந்தது இவை போன்ற பெரிய அமைப்பு அன்று, உள்ளூரில் சிலர் நல்ல மனத்தோடு தொடங்கிய ஒன்று. எனக்கு முதலில் ஒதுக்கப்பட்டவர் எங்கள் துறையிலேயே பெரிய அளவில் தொழில் நடத்தியவர். மூன்றாவது சந்திப்பில் துணிந்து அவரிடம் குடியைப் பற்றிச் சொன்னேன். "தொழில்ல இதெல்லாம் சகஜம் தம்பி, அளவோட வெச்சுக்குங்க" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்து, நான் வேலை செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் பர்ச்சேஸ் பிரிவிலிருந்து, "உடம்பு எப்படி இருக்கு, பழக்கத்தை நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார்கள். அந்த மாதத்தோடு அவர்களுடைய ஆர்டர் பாதியாகக் குறைந்தது.

தீய எண்ணத்தோடு அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை; கல்யாண வீட்டில் கவலையோடு பேசிய பேச்சாகத்தான் இருக்கும். ஆனால் வழிகாட்டி கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்று அந்தத் திட்டத்தில் எழுத்து மூலமாக ஒரு விதியும் இருக்கவில்லை, வழிகாட்டிகளுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் ஒரு தொழில் நகரத்தில் இது சிறிய குறை அன்று. குடியைப் பற்றி வாய் திறந்தவனுடைய பிழைப்பில் இது நேராக வந்து விழுகிறது. அதன் பிறகு நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன், குடிப்பது மட்டும் அதிகமாயிற்று.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு நானாகவே நிறுத்தப் பார்த்தேன். இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் தயவுசெய்து கவனமாகப் படிக்க வேண்டும். பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்த உடம்புக்குக் குடி திடீரென்று நிறுத்தப்படும்போது, பாதிப்பு கை நடுக்கத்தோடும் வியர்வையோடும் நின்றுவிடுவதில்லை. முதல் இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதவை கண்ணுக்குத் தெரியலாம், நினைவு குழம்பலாம், கவனிக்காவிட்டால் உயிரும் போகலாம். எனக்கு இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மன உறுதி போதும் என்று நினைத்திருந்த என்னை, மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஆகவே எந்த வழிகாட்டியிடம் போவதற்கும் முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதை, இந்த மதிப்பீட்டில் வேறு எதைவிடவும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சென்னை இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையை, கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கினார். குடி என்பது ஒழுக்கக்கேடு அன்று, சிகிச்சை தேவைப்படும் நோய் என்ற பார்வை தமிழ்நாட்டில் வேர்விட்டதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நான் சிகிச்சை பெற்றது கோவையில். அங்கிருந்த ஆலோசகர்தான் வெளியே வரும் நாளன்று ஏ.ஏ. கூட்டம் நடக்கும் இடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கூட்டம் ஒரு பள்ளியின் வகுப்பறையில், மாலை ஏழு மணிக்கு, தமிழில் நடந்தது. பதிவேடு இல்லை, பெயர் எழுதச் சொல்லவில்லை, தொழிலைக் கேட்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. முடிவில் ஒரு பை சுற்றி வரும். விரும்பியவர்கள் விரும்பியதைப் போடலாம். வெளியாரிடமிருந்து நன்கொடை பெறுவதில்லை என்பது அவர்களுடைய பன்னிரண்டு மரபுகளில் ஒன்று. எனக்கு முதல் நாளில் மனத்தில் பட்டது, யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை என்பதுதான். ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள், மற்றவர்கள் கேட்டார்கள், அடுத்தவர் தொடர்ந்தார். அந்த அறையில் சொன்னது அந்த அறையிலேயே இருக்கும் என்று தொடக்கத்திலும் முடிவிலும் சொன்னார்கள். முந்தைய அனுபவத்துக்குப் பிறகு எனக்கு அந்த ஒரு வாக்கியமே மறுநாளும் வரப் போதுமானதாக இருந்தது.

இந்த அமைப்பு பிறந்த கதையே ஒரு தோற்றுப்போன தொழில் பயணத்தில்தான் தொடங்குகிறது என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். 1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கைச் சேர்ந்த பில் என்ற பங்குச்சந்தைத் தரகர், ஒரு எந்திரத் தயாரிப்பு நிறுவனத்தின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சிக்காக ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போகிறார். முயற்சி தோற்கிறது. கையில் பணம் இல்லாமல், சில மாதங்களாகத்தான் குடிக்காமல் இருக்கும் அவர் விடுதியின் முகப்புக் கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. தான் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியோடு பேசியாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைக்கிறார். அது கடைசியில் பாப் என்ற அறுவை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பதினைந்து நிமிடம் மட்டும் என்று சொல்லி வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவில் 1957 முதல் கூட்டங்கள் நடக்கின்றன.

ஸ்பான்சர் என்பவரை யாரும் நியமிப்பதில்லை. அவருக்குச் சான்றிதழ் கிடையாது, பயிற்சி வகுப்பு கிடையாது. கூட்டங்களில் யாருடைய பேச்சு நமக்குப் பிடிக்கிறதோ, யார் நீண்ட காலமாகக் குடிக்காமல் நிதானமாக வாழ்கிறாரோ, அவரிடம் நாமே போய்க் கேட்க வேண்டும். நான் அண்ணா என்று அழைக்கும் என் ஸ்பான்சர், நான் கேட்டபோது உடனே சரி என்று சொல்லவில்லை. "தினமும் ஒரு ஃபோன் பண்ணோணும். குடிச்சாலும் பண்ணோணும். முடியுங்களா?" என்று மட்டும் கேட்டார். தினமும் மாலை ஆறே முக்காலுக்குப் பேச வேண்டும் என்று அவரே நேரம் குறித்தார். பட்டறையைப் பூட்டிவிட்டு டாஸ்மாக் இருக்கும் சாலைக்கு நான் திரும்பும் நேரம் அது. கேட்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது சனிக்கிழமையைப் பற்றிய ஏற்பாடு. வாரச் சம்பளம் பட்டுவாடா செய்ய வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்து வந்து மேசையில் அடுக்கிய பிறகு, மிச்சமாகும் பணத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம்தான் எனக்கு மிகவும் கடினமானது. முதல் ஐந்து மாதங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்தரைக்கு அண்ணா பஸ்ஸில் வந்து பட்டறையில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்துவிடுவார். சம்பளக் கவரைக் கொடுக்கும் வேலையை என் மனைவியிடம் மாற்றச் சொன்னார். பேச்சு ஒன்றும் பெரிதாக இருக்காது. டீ குடிப்போம். ஒரு முறை மூன்று தவணை பாக்கி என்று வங்கியிலிருந்து கடிதம் வந்திருந்தது. நான் அதையே எண்ணிக்கொண்டிருந்தபோது, "இன்னிக்கு ராத்திரி படுக்கிற வரைக்கும் மட்டும் பாருங்க தம்பி, நாளைக்கு வட்டியை நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். அந்த இரவு அது சரியான பேச்சு. ஆனால் நாளைக்கு வட்டியைப் பேச அவரால் முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஏ.ஏ.வின் எல்லை அங்கேதான் இருக்கிறது, அதை அவர்கள் தெரிந்தே வைத்திருக்கிறார்கள். வெளி விவகாரங்களில் அமைப்புக்குக் கருத்து இல்லை, எந்த நிறுவனத்துக்கும் அது பரிந்துரை தராது, கடன் கொடுக்காது, வேலை வாங்கித் தராது. ஸ்பான்சரிடம் கைமாற்றுக் கேட்பதோ, அவர் வழியாக ஆர்டர் பிடிப்பதோ உறவைக் கெடுத்துவிடும் என்று அண்ணா தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். இந்தக் கட்டுப்பாட்டை முதலில் நான் குறையாக நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பணம் கலக்காததால்தான் நான் அவரிடம் பொய் சொல்லாமல் இருக்க முடிந்தது.

இந்த முறை உண்மையில் பலன் தருகிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. முறையாக வகுக்கப்பட்ட, ஏ.ஏ.வில் சேர ஊக்குவிக்கும் சிகிச்சைத் திட்டங்கள், குடியை முழுவதுமாக விடச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலான பலன் தருகின்றன, மற்ற அளவுகோல்களில் ஏறத்தாழ அவற்றுக்கு இணையாக இருக்கின்றன என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் பொருந்தும் என்று இதற்குப் பொருள் இல்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவதால் சிலர் தயங்குகிறார்கள். அவரவர் புரிந்துகொண்டபடி என்று சேர்த்தே சொல்லப்பட்டாலும் அந்தத் தயக்கம் நியாயமானது. பெண் தொழில்முனைவோருக்கு, மாலை நேரத்தில் ஆண்கள் நிறைந்த கூட்டத்துக்கு வருவது நம் ஊரில் எவ்வளவு கடினம் என்பதை விளக்கத் தேவையில்லை.

மனநலம் என்பது தனிக் கதை. குடியை நிறுத்திய மூன்றாம் மாதம், கடன் எல்லாம் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியபோது, எனக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். "ஒரு பழக்கத்தை விட்டு இன்னொரு பழக்கமா?" என்று உறவினர் ஒருவர் கேட்டதால் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். அண்ணாவிடம் சொன்னபோது, அவர் கருத்து எதுவும் சொல்லாமல், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, கூடவே வந்து வெளியில் காத்திருந்தார். எந்த உறுப்பினரும் மருத்துவர் வேலையைச் செய்யக்கூடாது என்பதுதான் ஏ.ஏ.வின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. நல்ல ஸ்பான்சரை அடையாளம் காண இதைவிடச் சிறந்த உரைகல் எனக்குத் தெரியாது.

இனி இரண்டாவது வழிகாட்டியைப் பற்றி. குடியை நிறுத்தி ஏழு மாதம் ஆனபோது, முன்பு விலகிய அதே தொழில் அமைப்பிலிருந்து புதிய பொறுப்பாளர் அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எங்கள் துறையோடு தொடர்பே இல்லாத ஒரு வங்கி மேலாளரை ஒதுக்கினார். நான் கேட்டுக்கொண்டபடி, சந்திப்பில் பேசுவது எதையும் வெளியில் சொல்வதில்லை என்று இருவரும் ஒரு தாளில் கையெழுத்திட்டோம். சார் என்று நான் அழைக்கும் அந்த மேலாளர் முதல் நாள் செய்த வேலை, என் மேசையின் இழுப்பறையை வெளியே இழுத்துத் தரையில் கொட்டியது. டெலிவரி சலான்கள் கட்டுக் கட்டாக விழுந்தன. பொருள் அனுப்பியும் இன்வாய்ஸ் போடாத சலான்கள் மட்டும் நாற்பத்தொன்று இருந்தன. "உங்களுக்குக் கடன் ஜாஸ்தி இல்லீங்க, பில் போடறதுதான் கம்மி" என்றார். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் பில் போடும் மாலை நேரம் எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய உதவியின் மதிப்பைப் பணத்தில் சொல்ல முடியும் என்பதால் சொல்கிறேன். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆனாலும் உடனே புகாருக்குப் போக வேண்டாம், முதலில் கணக்கை ஒத்துப்பார்க்கச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள் என்றார். நான்கு மாதங்களில் ஆறு லட்சத்துக்கு மேல் வந்தது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பே, நலிவடையும் சிறு நிறுவனங்களுக்காக மத்திய அரசு 2015இல் அறிவித்த மறுசீரமைப்பு ஏற்பாட்டின் கீழ் நாமாகவே வங்கிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் அவர் கேட்ட கேள்வி முக்கியமானது: "தவணையைக் குறைச்சுக் கொடுத்தா, மிச்சப் பணம் எங்கே போகும்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" அப்போதுதான் அவரிடம் ஏ.ஏ.வைப் பற்றிச் சொன்னேன். முகம் மாறவில்லை. "தினமும் பேசற ஆள் ஒருத்தர் இருக்காரா? அப்ப சரி" என்றார்.

இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்தும், இருவருடைய பேச்சும் ஒரு கட்டத்தில் நேருக்கு நேர் மோதியது. ஏ.ஏ.வின் நான்காம் படி, தன்னைப் பற்றிய நேர்மையான கணக்கெடுப்பு. அந்தப் படிகளை எழுதியவர்கள் அதைக் கடைக்காரர் சரக்கைக் கணக்கெடுப்பதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். எட்டாம் படியில், நம்மால் பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுத வேண்டும். ஒன்பதாம் படியில், பிறருக்குத் தீங்கு நேராத வகையில் அவர்களிடம் நேரில் போய் ஈடு செய்ய வேண்டும். என் பட்டியலில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் பதினெட்டுப் பேர் நான் பணம் கொடுக்க வேண்டியவர்கள். டூல் கடைக்காரர், பிளேட்டிங் பட்டறைக்காரர், இரண்டு மாதச் சம்பளம் பாக்கியோடு வேலையை விட்டுப்போன ஆபரேட்டர், என் தங்கையின் கணவர். ஒளிந்துகொள்ளாமல் ஒவ்வொருவரையும் போய்ப் பாருங்கள் என்றார் அண்ணா. சார் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பதறிவிட்டார். பதினெட்டுப் பேரிடமும் ஒரே மாதத்தில் போய் "என்னிடம் பணம் இல்லை, குடித்து அழித்துவிட்டேன்" என்று சொன்னால், பதினெட்டுப் பேரும் ஒரே நாளில் வாசலுக்கு வருவார்கள், பட்டறை மூடும், பிறகு யாருக்கும் பணம் போகாது என்றார். நான் இரண்டு வாரம் தூங்கவில்லை. ஒருவர் சொல்வதைக் கேட்டால் நேர்மை போகிறது, மற்றவர் சொல்வதைக் கேட்டால் நேரத்தைக் கடத்தும் என் பழைய வழக்கம் திரும்புகிறது என்று தோன்றியது. மீண்டும் குடிக்கும் எண்ணம் மிக அருகில் வந்தது அந்த இரண்டு வாரத்தில்தான். பணம் இல்லாத காலத்தில்கூட அவ்வளவு அருகில் அது வரவில்லை.

கடைசியில் என் மனைவிதான், இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துக் கேட்கலாமே என்றாள். இருவரிடமும் அனுமதி கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எந்திரங்கள் ஓடாத பட்டறையில் நால்வரும் அமர்ந்தோம். சார் தான் வங்கியில் இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னார்: ஒரு கணக்கு கெடப் போகிறது என்பதற்கு அவர்கள் பார்த்த முதல் அறிகுறி, முதலாளி ஃபோனை எடுக்காமல் இருப்பது. அண்ணா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பக்கமும் அதேதானுங்க சார்" என்றார். அதன் பிறகு பட்டியலைப் பிரிப்பது எளிதாக இருந்தது. எல்லோரிடமும் ஃபோனை எடுப்பது உடனே தொடங்க வேண்டும். போய்ப் பார்ப்பது மாதத்துக்கு மூன்று பேர். கையில் முதல் தவணை இல்லாமல் யாரையும் பார்க்கப் போகக்கூடாது. குடியைப் பற்றி, அது அவர்களுக்கு இழைத்த தீங்கோடு நேரடியாகத் தொடர்புள்ளவர்களிடம் மட்டும் சொல்லலாம். வேலையை விட்டுப்போன ஆபரேட்டர் முதல் ஆள் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. நான் அவனை உடுமலையில் தேடிக் கண்டுபிடித்து, சம்பளத்தோடு, அந்த லாட் கெட்டதற்குக் காரணம் நான்தான் என்பதையும் சொன்னேன்.

ஆகவே இந்தச் சேவைகளைத் தனித்தனியாக மதிப்பிட என்னால் முடியவில்லை. ஏ.ஏ.வின் ஸ்பான்சர் முறை, குடியை விட விரும்பும் தொழில்காரருக்கு நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கும் ஒன்று. ஆனால் அது பட்டறையைக் காப்பாற்றாது, காப்பாற்றும் என்று அது சொல்வதும் இல்லை. தொழில் வழிகாட்டித் திட்டத்தை, எழுத்து மூலமான இரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே பரிந்துரைப்பேன். அதை நடத்துகிறவர்களிடம் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. வழிகாட்டியை அதே தொழிலிலிருந்தும் அதே வாடிக்கையாளர் வட்டத்திலிருந்தும் போடாதீர்கள். தொழில் அறிவு சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. குடியையும் மனச்சோர்வையும் பற்றி ஒருவர் வாய் திறந்தால் என்ன சொல்லக்கூடாது என்பதை வழிகாட்டிகளுக்கு அரை நாளாவது சொல்லிக் கொடுங்கள்; "அளவோட வெச்சுக்குங்க" என்ற பேச்சு எனக்கு ஓராண்டை விலையாக வாங்கியது. தற்கொலை எண்ணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்த இடத்திலேயே கொடுக்க ஒரு தொலைபேசி எண் வழிகாட்டியின் சட்டைப் பையில் இருக்கட்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பும் தன்னார்வலர்களைக் கொண்டே தற்கொலைத் தடுப்புக்காக உழைத்து வருகிறது. 044 24640050 என்பது அதன் எண். குடும்பத்தினருக்கு அல்-அனான் கூட்டங்கள் தனியாக உண்டு. என் மனைவி போகத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்பது அவளுடைய குறை.

பட்டியலில் இப்போது ஏழு பேர் மீதம் இருக்கிறார்கள். டூல் கடைக்காரர், நான் அவரைப் பார்க்கப் போவதற்கு முன்பே காலமாகிவிட்டார். தவணைகளை அவருடைய மனைவியிடம் கொடுத்து வருகிறேன். அவர் ஒவ்வொரு முறையும் கணவரின் பழைய ரசீதுப் புத்தகத்திலேயே எழுதித் தருகிறார். சனிக்கிழமைகளில் அண்ணா இப்போது வருவதில்லை, ஆறே முக்காலுக்கு நான்தான் அழைக்கிறேன். போன மாதம், பக்கத்துத் தெருவில் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கும் முப்பது வயதுப் பையன் ஒருவன் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, ஸ்பான்சராக இருக்க முடியுமா என்று கேட்டான். அவனுக்கும் எனக்கும் ஒரே வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார். அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, வேறு ஒருவரைக் கேட்கச் சொன்னேன். அவருடைய எண்ணைக் கொடுத்து, என் முன்னாலேயே அவரை அழைக்க வைத்தேன்.